பள்ளியில் ஒரே கம்பெனி லேப்டாப்தான் வாங்கணுமாம், வாங்கலாமா?

மார்த்தாண்டம் அம்மா:
மகள் ஆறாம் வகுப்பு, தனியார் பள்ளி. லேபில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே கம்பெனி கம்ப்யூட்டர்தான். இப்போது வீட்டுக்கும் அதையே வாங்க வேண்டும், வீட்டுப்பாடமும் அந்தக் கம்பெனி கணக்கில்தான் ஏற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. பணத்தை எப்படியோ புரட்டிவிடலாம். போன வாரம் கேரளத்தில் பாறசாலையில் இருக்கும் மைனி வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மகன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தவள் திருதிருவென்று முழித்துவிட்டு, "அம்மா, இதுல கம்ப்யூட்டர் எங்க இருக்கு?" என்று கேட்கிறாள். அவன் படிப்பது அரசுப் பள்ளி, அங்கே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா?

குலசேகரத்துக்காரன்:
ரப்பர் வைத்தவனிடம் கேளுங்க அக்கா, கன்று வைத்து ஏழு வருடம் கழித்துத்தான் பால் வெட்டுவான். கம்பெனிகள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பழக்கிவைப்பதும் அதே கணக்குதான், புதிதும் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் இலவசமாகக் கொடுக்கிறோம், வரிச்சலுகை தாருங்கள் என்று ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் நாடாளுமன்றம் வரை போனார். அங்கே நடக்கவில்லை, கலிபோர்னியா மாநிலம் மட்டும் ஒத்துக்கொண்டது, சுமார் 9,000 பள்ளிகளுக்கு ஆப்பிள் போய்ச் சேர்ந்தது. 2025-ல் நம்ம கல்லூரிப் பிள்ளைகளுக்கு கூகுள் தன் ஜெமினி ஏஐ-யை ஒரு வருடம் சும்மா கொடுத்ததும் பாசத்திலா?

வடசேரி சர்வீஸ் கடை:
கம்பெனியை மட்டும் திட்டாதீங்க. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸ், பாஸ் (BOSS) என்கிற லினக்ஸ் இரண்டும் இருந்தது. என் கடைக்கு வந்த பையன்கள் முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, ஆன் பண்ணதும் ரெண்டுல எது வேணும்னு கேக்குதே, அந்தச் சவத்த அழிச்சு விடுங்க." நானும் லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது. பெட்டியில் இருந்து என்ன, அதை வைத்துப் பாடம் எடுக்க ஆள் வேண்டாமா?

களியக்காவிளை வாத்தியார்:
கடைக்காரர் சொன்னதுதான் விஷயம். கேரளத்தில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கியபோது அங்கேயும் விண்டோஸ்தான். அப்புறம் லினக்ஸ் மாதிரி யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே லினக்ஸில் வைத்தார்கள். மார்க் உண்டென்றால் எந்தப் பிள்ளை அழிக்கும்? நம்ம பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்திலும் 2018-ல் ஓப்பன் ஆபிஸ் என்கிற கட்டற்ற அலுவலக மென்பொருள் வந்தது, ஆனால் அதற்குள் பிள்ளைகளின் விரல் விண்டோஸுக்குப் பழகிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி, நாகர்கோவிலில் எந்த ஆபீஸில் வேலை கேட்டுப் போனாலும் எக்செல், டேலி தெரியுமா என்றுதான் கேட்பான். உங்கள் கொள்கைக்கு எங்க வீட்டுப் பிள்ளையைப் பலி கொடுக்க முடியாது.

களியக்காவிளை வாத்தியார்:
கணக்குப்பிள்ளை அண்ணே, ஓப்பன் ஆபிஸில் எக்செல் மாதிரி இருக்கும் கால்க்கில் சூத்திரம் போடத் தெரிந்தவனுக்கு எக்செல் ஒரு வாரம். அக்கா, பள்ளியில் இரண்டே கேள்வி கேளுங்க. வீட்டுப்பாடத்தை பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் போதுமா? பிள்ளை பள்ளி மாறினால் அந்தக் கணக்கில் இருப்பதெல்லாம் யாருக்கு?

மார்த்தாண்டம் அம்மா:
கேட்டுவிட்டேன். பிடிஎஃப் போதுமாம். இரண்டாவது கேள்விக்கு மேடம், "இதுவரை யாரும் கேட்கலையே" என்றார்கள். இப்போதைக்கு மைனி வீட்டுப் பழைய லேப்டாப்பையே வாங்கிக்கொள்கிறேன்.