சீர் கொடுத்த மிக்ஸியில் காய்ந்த தேங்காய்: கடையில் மாற்ற மறுக்கிறார்கள்

கேள்வி: தஞ்சாவூர் அம்மா

ஆடித் தள்ளுபடியில் திருச்சியில் ஒரு பெரிய கடையில் மகளுக்கு மிக்ஸி வாங்கினேன். 750 வாட்ஸ், மூன்று ஜார், 5,490 ரூபாய். பில் என் பேரில். ஆவணியில் கல்யாணம். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே சீர்வரிசையோடு வைத்து அனுப்பினேன். அதுதான் நான் செய்த தப்பு என்கிறான் என் தம்பி. சீர்ச் சாமானைப் பிரித்துப் பார்த்தா கொடுப்பார்கள்?

போன வாரம்தான் திருப்பூரில் பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். பெரிய ஜார் மூடியில் மஞ்சள் கறை. சட்னி ஜாரின் பிளேடுக்கு அடியில் காய்ந்துபோன தேங்காய்த் துருவல். முதலில் பார்த்தது சம்பந்தியம்மா. ஒரு வார்த்தை சொல்லாமல் பெரிய ஜாரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாராம். நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நல்லவேளை, சட்னி ஜாரை மகள் கழுவவிடவில்லை.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், கம்பெனி பேர் அச்சடித்த டேப்பைக் கத்தியால் கீறி, அதன் மேல் வெறும் டேப் ஒட்டியிருக்கிறது. கடைக்குப் போன் செய்தேன். “டெமோ காட்டியிருப்பாங்கம்மா, மோட்டார் ஓடுதுல்ல?” என்கிறார் மேனேஜர். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று வேறு இருக்கிறது. இதற்கு வக்கீல் வைத்தால் மிக்ஸி விலையைவிட அதிகமாகிவிடாதா?

பதில்: ஃப்ரிட்ஜ் கேஸ்காரன்

அம்மா, வக்கீல் வேண்டாம். ஒரு ஃப்ரிட்ஜுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நானே நின்று பேசியிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணமே கிடையாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47). பழைய பொருளையோ ஒருவர் பயன்படுத்திய பொருளையோ புதுசு என்று சொல்லி விற்றால் அது முறையற்ற வணிக நடைமுறை. மோட்டார் ஓடுகிறதா என்பது இங்கே பேச்சே இல்லை. நீங்கள் புதுசுக்குக் காசு கொடுத்தீர்கள், அவர் புதுசு தரவில்லை. டெமோ பீஸ் என்றால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பில்லின் அடியில் அச்சடித்த அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும் அதே பிரிவு தப்பு என்கிறது. பில்லில் என்ன அச்சடித்தாலும் அது சட்டத்துக்கு மேல் போகாது.

பில் உங்கள் பேரில், மிக்ஸி மகள் வீட்டில் என்பதும் பிரச்சினை இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். கடை திருச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூரிலேயே புகார் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. என்னை ஊர் ஊராக அலையவிட்டார்கள்.

முதலில் 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடைக்காரரிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. அதோடு ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம்: வாங்கிய தேதி, பில் எண், என்ன இருந்தது, பணம் வேண்டுமா மாற்றுப் பொருள் வேண்டுமா, பதினைந்து நாள் கெடு. நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதனால் அவசரம் இல்லை. ஆனால் ஜாரை மட்டும் கழுவிவிடாதீர்கள்.

பதில்: பழைய சேல்ஸ்மேன்

பதினோரு வருடம் வீட்டு உபயோகப் பொருள் கடையில் நின்றவன் நான். மேனேஜர் சொல்லும் டெமோ கதையை நான் நம்பவில்லை. டெமோவுக்கு ஷோரூமில் தனியாக ஒரு பீஸ் இருக்கும், அதில் தேங்காய் யாரும் அரைக்கமாட்டார்கள். இது ரிட்டர்ன் பீஸ். யாரோ வாங்கிப் போய் நாலு நாள் அரைத்துவிட்டு, சத்தம் அதிகம் என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கம்பெனிக்கு அனுப்பினால் கிரெடிட் வர மாதக்கணக்காகும். அதனால் துடைத்து, டேப் ஒட்டி, தள்ளுபடிக் கூட்டத்தில் தள்ளிவிடுவார்கள். எங்கள் கடையிலும் நடந்தது. ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒன்று செய்யுங்கள். மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். பெட்டியில் உள்ள நம்பரோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, அந்த நம்பருக்கு வாரண்டி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் வாங்கியவர் பதிவு செய்திருந்தால் கடைக்காரர் வாய் திறக்க முடியாது.

தஞ்சாவூர் அம்மா

கேட்டேன். ஏப்ரல் மாதமே யாரோ ஒருவர் பேரில் வாரண்டி பதிவாகியிருக்கிறதாம்! நான் வாங்கியது ஆகஸ்டில். அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டேன். 1915லும் புகார் எண் கொடுத்தார்கள். நான்காம் நாள் அதே மேனேஜர், “அம்மா, நேர்ல வாங்க, புது பீஸ் தர்றோம்” என்கிறார். ஆனால் பழைய பில்லைக் கொடுத்துவிட்டு, ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போடலாமா?

ஃப்ரிட்ஜ் கேஸ்காரன்

புது மிக்ஸி கைக்கு வரும்முன் எதிலும் கையெழுத்து வேண்டாம். கடையிலேயே பெட்டியைப் பிரியுங்கள், ஜாரைக் கழற்றிப் பாருங்கள், அங்கிருந்தே கஸ்டமர் கேருக்குப் போன் செய்து அந்த சீரியல் நம்பரையும் விசாரியுங்கள். புதுத் தேதியில், சீரியல் நம்பர் எழுதிய பில் கேளுங்கள், வாரண்டி அன்றிலிருந்து ஆரம்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால், ‘இன்ன நம்பர் பொருளுக்குப் பதிலாக இன்ன நம்பர் பொருள் பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய பில்லைக் கொடுக்கும்முன் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் தருகிறேன் என்பார்கள், வெளியே எடுங்கள்.