ரீஃப் டேங்குக்குச் சில்லர்: 1/10 எச்.பி. போதுமா?

வணக்கம். சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. 300 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே சம்ப் (அதோடு குழாயில் இணைந்த துணைத் தொட்டி). மதியத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அப்போதெல்லாம் ஹேமர் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடக்கிறது; பார்க்கவே மனசு தாங்கவில்லை.

சம்ப் மேல் ஃபேன் வைத்திருக்கிறேன். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரி இறங்கினாலே பெரிது. தண்ணீர் வேறு ஆவியாகி உப்பு ஏறுகிறது, தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இனி தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர்தான் வழி.

26 டிகிரியில் நிறுத்த வேண்டும். கடையில் 1/10 எச்.பி. போதும் என்கிறார்கள். மே மாதத்தில் அது ஓய்வே இல்லாமல் ஓடுமோ என்று பயமாக இருக்கிறது. 1/4 எச்.பி. என்றால் சீக்கிரம் குளிர்வித்து நின்றுவிடும் அல்லவா? இதே அளவு டேங்க் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் டைட்டானியம் காயில் உள்ளதாகத்தான் பார்க்கிறேன்.

அப்புறம், எங்கே வைப்பது? ஹாலில் வைத்தால் டேங்கிலிருந்து எடுத்த சூட்டை அங்கேயே கக்கும். பால்கனி என்றால் நீளமாகக் குழாய் இழுக்க வேண்டும், வெயில் மழை வேறு. தனி பம்ப் போடுவதா, சம்ப்பிலிருந்து டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்பிலிருந்தே பிரிப்பதா? பிரித்தால் சில்லருக்கு வேண்டிய ஓட்டம் கிடைக்குமா?