ரீஸ்டோர் பாதியில் நிற்கிறது: ஜெனரேட்டட் நெடுவரிசை, பிழை 3105

சிராங்கூன்_டேட்டா:
வணக்கம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு பில்லிங் மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன். சர்வரில் இருப்பது மைஎஸ்கியூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ். இரவில் ஒரு டாக்கர் கன்டெய்னரில் (தனியாக ஓடும் சிறு லினக்ஸ் சூழல்) மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி ஓடி, டேட்டாவைக் கட்டளைகளாக ஒரு டம்ப் கோப்பில் எழுதி பேக்கப் எடுக்கும். அதைப் புது சர்வரில் திரும்ப ஏற்றி ரீஸ்டோர் செய்தால், பில் டேபிளின் முதல் இன்சர்ட்டிலேயே (டேட்டா சேர்க்கும் கட்டளை) பிழை 3105 என்று நிற்கிறது. ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) தொகை ஜெனரேட்டட் நெடுவரிசை, அதாவது சூத்திரம் வைத்து டேட்டாபேஸே கணக்கிடுவது, அதற்கு மதிப்பு கொடுக்கக்கூடாதாம். நாங்கள் எங்கே கொடுத்தோம்? விலையை 0.09ஆல் பெருக்கி அதுவே போட்டுக்கொள்ளும், ஸ்டோர்ட் வகை (கணக்கிட்டதைச் சேமித்து வைக்கும்). இரண்டு பக்கமும் அதே 8.0, அதே ஸ்கீமா (டேபிள் அமைப்பு). பிழை வந்தாலும் நிற்காமல் தொடரச் சொல்லும் ஃபோர்ஸ் போட்டு ஓட்டிவிடலாமா?

இரவுப்பணி:
ஃபோர்ஸ் வேண்டவே வேண்டாம் அண்ணே. டம்ப் ஒரே இன்சர்ட்டில் ஏகப்பட்ட பில்களைக் கட்டி வைத்திருக்கும். பிழை வந்தால் அத்தனையும் போச்சு. டம்ப் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள், என்ன எழுதியிருக்கிறது?

சிராங்கூன்_டேட்டா:
'மரியாடிபி டம்ப் 10.19' என்றிருக்கிறது. மரியாடிபியை நாங்கள் தொட்டதே இல்லையே!

இரவுப்பணி:
அதுதான் விஷயம். மரியாடிபி என்பது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த வேறொரு டேட்டாபேஸ். உங்கள் கன்டெய்னர் டெபியனாக (ஒரு லினக்ஸ் வகை) இருக்கும். டெபியன் 9 முதல் 'டீஃபால்ட் மைஎஸ்கியூஎல் கிளையன்ட்' என்று கேட்டால் இறங்குவது மரியாடிபியின் கருவி. கட்டளையின் பெயர் மட்டும் பழையதே. மைஎஸ்கியூஎல்லின் சொந்த டம்ப் 5.7 முதலே ஜெனரேட்டட் நெடுவரிசையை விட்டுவிட்டு மற்றவற்றின் பெயரை எழுதி இன்சர்ட் போடும். உங்களிடம் இருப்பது எல்லா மதிப்பையும் அப்படியே கொட்டிவிட்டது.

இனி கன்டெய்னரில் மைஎஸ்கியூஎல்லின் சொந்த 8.0 கிளையன்ட்டைப் போடுங்கள். கையிலுள்ள டம்ப்புக்கு வழி: அதன் கிரியேட் டேபிளில் (டேபிளை உருவாக்கும் கட்டளை) 'ஜெனரேட்டட் ஆல்வேஸ்' முதல் 'ஸ்டோர்ட்' வரை வெட்டி, சாதாரண டெசிமல் நெடுவரிசையாக விடுங்கள். டேட்டா ஏறியதும் நெடுவரிசையை மாற்றும் ஆல்டர் டேபிள், மாடிஃபை கட்டளை கொடுத்து ஜெனரேட்டட் ஆக்குங்கள். ஸ்டோர்ட் என்பதால் இது நடக்கும். வெர்ச்சுவல் (சேமிக்காமல் படிக்கும்போது கணக்கிடும் வகை) என்றால் நெடுவரிசையை டிராப் செய்து புதிதாகத்தான் சேர்க்க வேண்டும், அப்போது அதன் இண்டெக்ஸையும் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) திரும்பப் போட மறக்காதீர்கள்.

கிளமெண்டி_கோடர்:
போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை :)

புங்கோல்வாசி:
அவர் கேட்டது அதுவா தம்பி?

மாடிஃபை கொடுக்கும் முன் ஒன்று பாருங்கள், சிராங்கூன். 0.09 என்றீர்கள். ஜிஎஸ்டி 2023இல் 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1இல்தான் 9 ஆனது. சூத்திரத்தை மாற்றிய அன்றே மைஎஸ்கியூஎல் பழைய பில்களையும் 9 போட்டு எழுதியிருக்கும். ஸ்டோர்ட் என்றால் பழசைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2023 பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.

சிராங்கூன்_டேட்டா:
100 வெள்ளி பில். கடையின் அச்சுப் பிரதியில் ஜிஎஸ்டி 8 வெள்ளி, டேபிளில் 9. இப்போது என்ன செய்வது? பில் தேதியை வைத்துப் பிரித்து மாற்றிவிடலாமா?

புங்கோல்வாசி:
தேதி மட்டும் போதாது. ஆண்டு மாறும்போது பில் ஒரு பக்கம், சரக்கும் பணமும் இன்னொரு பக்கம் என்று விழுந்தவற்றுக்கு எந்த விகிதம் என்பதற்குத் தனி விதி உண்டு. 2023 கடைசியில் எடுத்த டம்ப் இருக்கிறதா? அதே மரியாடிபி கருவி எடுத்திருந்தால் அன்றைய 8 விழுக்காட்டுத் தொகை அதில் எண்ணாகவே இருக்கும். ரீஸ்டோரைக் கெடுத்த அதே குணம் இங்கே உதவுகிறது, பாருங்கள். வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி பில் எண்ணை வைத்துச் சேருங்கள். விகிதத்தை ஒவ்வொரு பில்லிலும் சாதாரண நெடுவரிசையாக வையுங்கள். சூத்திரம் அந்த விகிதத்தைப் பெருக்கட்டும்.

ஜிஎஸ்டி பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் பழைய டம்ப்பை யாரும் அழித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சிராங்கூன்_டேட்டா:
2023 டிசம்பர் டம்ப் கிடைத்தது, அதுவும் மரியாடிபிதான். சாதாரண டெசிமலாக ஏற்றிவிட்டேன். அந்த 100 வெள்ளி பில்லில் 8.00 இருக்கிறது. விகித நெடுவரிசை சேர்த்த பிறகுதான் மாடிஃபை. ஜனவரி முதல் வாரத்து பில்களை மட்டும் கடைக் கணக்காளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம். நன்றி அண்ணே, இருவருக்கும்.