ரெண்டாவது தடவை டெங்குன்னா ஏன் இவ்ளோ பயமுறுத்துறாங்க?

செம்பூர்க்காரன்:
வீட்டுல அவங்களுக்கு மூணு நாளா காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாடி வலி, மும்பைல மழை பிடிச்சா வருஷா வருஷம் இதே கதைதான். ரிப்போர்ட்ல என்எஸ்-1 பாசிடிவ், ஐஜிஎம் நெகடிவ், ஐஜிஜி பாசிடிவ். டாக்டர் "முன்னாடியே ஒருதடவ வந்திருக்கும்போல, ஜாக்கிரதை"ன்னு ஒரே வரில முடிச்சிட்டார், வெளில அவ்ளோ கூட்டம், அவரையும் குத்தம் சொல்ல முடியாது. எனக்கு ஆறு வயசுல திருநெல்வேலில சின்னம்மை போட்டுச்சு, வேப்பிலைல படுக்க வச்சாங்க, அதோட சரி. ஒருதடவ வந்தா உடம்பு கத்துக்கும்னுதான சொல்வாங்க, அப்ப டெங்கு மட்டும் ஏன் உல்டா?

டெஸ்ட்டியூப்மாமா:
லேப்லதான் வேலை, அதனால ரிப்போர்ட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். என்எஸ்-1 வைரஸ் விடுற புரோட்டீன், மத்த ரெண்டும் நம்ம உடம்பு செய்யற ஆன்டிபாடி, அதாவது கிருமி மேல போய் ஒட்டி அத முடக்குற புரோட்டீன். அத செய்யற வெள்ளணுவுக்குப் பேரு பி செல், அது ஒவ்வொண்ணும் ஜீன் துண்டுகள சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டு தனக்குன்னு ஒரு பூட்டு செஞ்சுக்கும், கிருமிய பாக்குறதுக்கு முன்னாடியே. இதக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 1987ல ஜப்பான் விஞ்ஞானி டொனெகாவாவுக்கு நோபல். வந்த கிருமி எந்தப் பூட்டுக்குப் பொருந்துதோ அந்த செல் மட்டும் பெருகும். கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சா தொடை இடுக்குல நெறி கட்டும்ல, அந்த உருண்டைக்குள்ளதான் இந்த வேலை நடக்குது. அதுக்கு நாள் பிடிக்கும், முதல்ல ஐஜிஎம், அப்புறம்தான் ஐஜிஜி. மூணாம் நாளே ஐஜிஜி இருக்குன்னா பழைய ஞாபகம் உள்ள செல் முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம், உங்க டாக்டர் அதத்தான் சொல்லிருக்கார்.

சிக்கல் என்னன்னா டெங்கு நாலு வகை, அண்ணன் தம்பி மாதிரி ஜாடை. ஒருத்தனுக்கு செஞ்ச ஆன்டிபாடி அடுத்தவன் மேல ஒட்டும், ஆனா முடக்காது, சாவி நுழையுது திரும்பல கணக்கா. ஆன்டிபாடி ஒட்டினத விழுங்கறதுக்குன்னே சில வெள்ளணுக்கள் இருக்கு, அது வழக்கம்போல விழுங்கிடும், உயிரோட உள்ள போன வைரஸ் அங்கயே குட்டி போடும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஆனா ரிஸ்க் கூடுதல்.

மாட்டுங்கா_ரசம்:
அம்மை "அதோட சரி"ன்னு நினைக்காதீங்க சார், அது நரம்புல ஒளிஞ்சுக்கிட்டுதான் இருக்கும். செல்லுக்குள்ள போயிட்ட வைரஸ ஆன்டிபாடி தொட முடியாது, அங்க டி செல்னு இன்னொரு வகை வெள்ளணுதான் ஆள். நோய் பிடிச்ச செல் உள்ள இருக்கிற வைரஸ் புரோட்டீன துண்டு துண்டா வெளில காட்டும், டி செல் அதப் பாத்து அந்த செல்லயே காலி பண்ணிடும். வயசாகி டி செல் காவல் தளர்ந்தா அதே வைரஸ் அக்கியா கிளம்பும். எங்க தாத்தாவுக்கு இடுப்பச் சுத்தி வந்தப்ப குயவர் வந்து காவில அக்கி எழுதினாரு, எரிச்சல் என்னவோ மாசக்கணக்கா போகல.

டெஸ்ட்டியூப்மாமா:
செம்பூர்க்காரரே, முக்கியமான ஒண்ண விட்டுட்டேன். டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தான் ஆபத்து, ரத்தக்குழாய்ல இருந்து தண்ணி கசியும். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், புரூஃபென் கிட்டயே போகாதீங்க.

செம்பூர்க்காரன்:
காலைல இருந்து காய்ச்சல் இல்ல, சரியாயிடுச்சுன்னு மீன் வாங்கக் கிளம்பிட்டிருந்தேன். வயிறு வலிக்குதான்னு இப்ப கேட்டா "நேத்து ராத்திரிலேர்ந்தே"ங்கறாங்க. ஆட்டோ வந்தாச்சு, போயிட்டு வந்து சொல்றேன்.