ஹாஸ்டலுக்குக் கறி போட லேப் ரிப்போர்ட் கேக்குறாங்க, ஒரு தடவை எடுத்தா போதுமா?

பவானிக் கடைக்காரன்:
பிராய்லர் கடை வச்சிருக்கேனுங்க. ஹாஸ்டல் ஒன்னுக்கு தினமும் 40 கிலோ போடப் பேசியிருக்கு. சால்மோனெல்லாங்கிற கிருமி இல்லைன்னு ரிப்போர்ட் வேணுமாம். ஒரு கோழிய லேப்ல குடுத்து வாங்கிட்டா வருஷம் பூரா செல்லுமுங்களா? படிக்கிற புள்ளைங்க சாப்பிடுறது, சரியாச் செய்யணும்.

லேப்காரம்மா:
தம்பி, இறைச்சி சோதிக்கிறதுதான் என் வேலை. ரிப்போர்ட் வாங்குங்க, ஆனா அதை நம்பி இருந்துடாதீங்க. நாங்க எடுக்கிறது வெறும் 25 கிராம். கிருமியை வளர்த்து, பிரிச்சு, உறுதி பண்ண நாலஞ்சு நாள் ஆகும். அன்னைக்கு வெட்டின கறி அதுக்குள்ள தின்னு தீர்ந்திருக்கும்.

கிருமி கோழியோட குடல்ல இருக்கு. கோழி துள்ளிக்கிட்டுதான் நிக்கும், கறியும் நாறாது. குடல் கிழிஞ்சா கறியில ஏறிடும். இறகு பிடுங்குற மெஷின்ல ரப்பர் விரல் இருக்குல்ல, அதோட அடியில விரிசல் விட்டிருக்கும், உள்ள கொழகொழன்னு அழுக்கு ஒட்டியிருக்கும். ஒரு கோழியில இருந்தது அடுத்தடுத்த கோழிக்கு அங்கிருந்துதான் போகுது. காலையில ஊத்தின வெந்நீரையே மதியம் வரை வச்சு முக்கினாலும் இதே கதைதான். அதனால கறியோட சேர்த்து ரப்பர் விரல், வெட்டுக்கட்டை, கத்தி, வெந்நீர்த் தொட்டி எல்லாத்துலயும் மாதிரி எடுக்கச் சொல்லுங்க, மாசாமாசம். எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் அடைக்க முடியும்.

கோழிப்பண்ணை நாமக்கல்:
அம்மா சொல்றது சரி. வெட்டுறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியே தீனியை நிறுத்தின லோடா கேட்டு வாங்குங்க. குடல் காலியா இருந்தா கிழியறது குறையும். கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக் மருந்து போடாத பண்ணையான்னும் கேளுங்க. 2019லயே அரசு தடை பண்ணியாச்சு.

பவானிக் கடைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. பாக்கெட் சாசேஜும் கேக்குறாங்க. அது பிரிட்ஜ்ல இருந்தா பயமில்லைங்களே?

லேப்காரம்மா:
இருக்கு தம்பி. லிஸ்டீரியான்னு ஒரு கிருமி பிரிட்ஜ் குளிர்லயும் வளரும். தென்னாப்பிரிக்காவுல 2017-18ல 1000 பேருக்கு மேல பாதிச்சு, 200 பேருக்கு மேல செத்தாங்க. பச்சைக் குழந்தைங்கதான் அதிகம், நினைச்சாலே மனசு ஆறாது. அங்க சோவெட்டோங்கிற ஊர்ல ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைங்களுக்கு வாந்தி, வயித்துப்போக்குன்னு வந்தப்போ, காப்பகத்து பிரிட்ஜ்ல இருந்த பொலோனியை, அதாவது சாசேஜ் மாதிரி பதப்படுத்தின கறியை, சோதிச்சாங்க. அதைப் பிடிச்சுப் போய்த்தான் ஆலையையே கண்டுபிடிச்சாங்க, நோயாளிங்ககிட்ட இருந்த கிருமியோட மரபணுவும் ஒத்துப்போச்சு. பொலோனி சூடு பண்ணாம அப்படியே சாப்பிடுறது.

சாசேஜ் போட்டீங்கன்னா பாக்கெட்டோட பேட்ச் நம்பரை நோட்டுல எழுதி வைங்க. ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் பரிமாறணும்னு ஹாஸ்டல் சமையல்காரர்கிட்ட நேர்லயே சொல்லிடுங்க.