2 நாளில் சேது யாத்திரை: நடை சாத்தும் நேரத்தில் மாட்டாமல் போவது எப்படி?

கோவை_பயணி:
வணக்கம். அடுத்த மாதம் காரில் நாலு பேர் வருகிறோம். அப்பா தர்ப்பணம் கொடுக்கணும். அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் வலி. உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை, பிறகு ராமேசுவரம் என்று வரிசையாகப் போகணும் என்பது அப்பாவின் ஆசை. உத்தரகோசமங்கையையும் சேர்க்க முடியுமா? ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தத்தில் நீராட என்ன தயாரிப்பு வேணும்? 2 நாள்தான் இருக்கு.

சேதுக்கரையான்:
முடியும், ஆனா முதல் நாள் ராத்திரியே ராமநாதபுரம் வந்து தங்கிடுங்க. காலையில மதுரையிலிருந்து கிளம்பி வந்தா திருப்புல்லாணி போய்ச் சேரும்போது கதவுதான் இருக்கும். அங்கே பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினா மறுபடி திறக்க மூன்றரை, நாலு ஆயிடும். உத்தரகோசமங்கையும் அப்படித்தான். கடலுக்கு மட்டும்தான் நடை கிடையாது. இதை வச்சுத்தான் திட்டம் போடணும்.

விடியும்போதே வடக்கே உப்பூர் போயிடுங்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். வெயிலுகந்த விநாயகர், பேருக்கேத்த மாதிரி மேலே கூரை கிடையாது. பத்து நிமிஷத்தில் கும்பிட்டுட்டு அதே ரோட்டில் திரும்பினா பாதி தூரத்தில் தேவிபட்டினம். கடலுக்குள்ள ஒன்பது கல் தூண், ராமர் நவக்கிரகமா நட்டதா ஐதீகம். நடைபாலம் இருக்கு. சுத்தி வந்து நவதானியம் போடுவாங்க. தண்ணி ஏறியிருந்தா சில கல்லின் தலை மட்டும்தான் தெரியும், ஏமாற வேண்டாம். இறங்கிக் குளிக்கிறவங்க கவனிக்க வேண்டியது அடியில் உள்ள சேறும், கல்லில் ஒட்டின பாசியும் சிப்பியும். பாசி வழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும். அம்மா மேலேயே நின்னு தலையில தெளிச்சுக்கிட்டாப் போதும்.

இன்னொண்ணு. இந்த ஒன்பது கல்லை நவபாஷாணம்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டதும் பழனி முருகன் சிலை மாதிரி ஒன்பது விஷச் சரக்குன்னு நினைச்சு நிறையப் பேர் கேட்பாங்க. பாஷாணம்னா கல்னும் அர்த்தம் உண்டு. இங்கே ஒன்பது கல், அவ்வளவுதான்.

ஒன்பதரைக்குள்ள அங்கிருந்து கிளம்பினா பத்தரைக்குத் திருப்புல்லாணி. 108 திவ்ய தேசத்தில் ஒண்ணு, மூலவர் ஆதிஜெகந்நாதர். அவரோடு நின்னுடாம தர்ப்பசயன ராமர் சன்னதியை அவசியம் பாருங்க. தர்ப்பைப் புல் மேல படுத்திருக்கிற கோலம், கடலரசன் வழிவிடக் காத்திருந்ததா சொல்லுவாங்க. சன்னதி சாத்தினதும் நாலஞ்சு கிலோமீட்டரில் சேதுக்கரை. அங்கே கடலைப் பார்த்த ஆஞ்சநேயர். உச்சிவெயிலில் மணல் கொதிக்கும், செருப்பைத் தண்ணி ஓரம் வரைக்கும் போட்டுக்கிட்டுப் போங்க.

சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு உத்தரகோசமங்கை. "மண் முந்தியோ மங்கை முந்தியோ"ன்னு சொலவடை உள்ள ஊரு. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் வர்ற நீத்தல் விண்ணப்பம் பாடினது இங்கேதான். மரகத நடராஜரைப் பச்சையாப் பார்க்கணும்னா மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் வரணும். அந்த ஒரு நாள்தான் சந்தனம் களைவாங்க, மற்ற நாளெல்லாம் சந்தனக் காப்புக்குள்ளதான் இருப்பார். இதைத் தெரியாம வந்து வாசல்ல சண்டை போடுறவங்களும் உண்டு. அங்கே முடிச்சுட்டு ராத்திரி ராமேசுவரம்.

ரதவீதி_வாசி:
ராமேசுவரம் பகுதியை நான் சொல்றேன். முறை இதுதான்: முதல்ல அக்னி தீர்த்தம், அதாவது கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள கடல். அந்த ஈரத்தோடயே கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். கடைசியா கோடி தீர்த்தம். அப்புறம் துணி மாத்திட்டுத்தான் சுவாமி தரிசனம். ஈரத்துணியோட மூலவர்கிட்ட விடமாட்டாங்க.

பெரும்பாலும் கிணறுதான். மேடையில நிக்கிறவர் கயித்து வாளியால மொண்டு தலையில ஊத்துவார். கூட்டம் இல்லேன்னா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள முடியும். தரை முழுக்க ஈரம், கருங்கல், வழுக்கும். வெள்ளை வேட்டி, மெல்லிய சேலை வேண்டாம். அடர்நிறப் பருத்தி கட்டுங்க. கனமான பட்டு, ஜீன்ஸ் தண்ணி குடிச்சு நடக்க விடாது. மாத்துத்துணியைப் பிளாஸ்டிக் பையில போட்டு, குளிக்காத ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க. உள்ளே போன் கூடாது, அறையிலேயே வச்சுட்டு வாங்க. குளிச்ச துணியைக் கடல்ல விடுறது பரிகாரம்னு யாராவது சொன்னாக் கேட்காதீங்க, அது குப்பை, அவ்வளவுதான்.

கடலுக்கு இத்தனை பக்கத்துல கிணத்துத் தண்ணி எப்படி நன்னீரா இருக்குன்னு கேட்பாங்க. தீவு முழுக்க மணல். இறங்கின மழைத்தண்ணி, கனமான உப்புத்தண்ணி மேல மிதக்கிற மாதிரி தங்கும்.

கோவை_பயணி:
மிக்க நன்றி அண்ணே. விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனமும் ஆசை. குளிக்காமப் போகலாமா, இல்லை தீர்த்தம் முடிச்சுட்டா?

ரதவீதி_வாசி:
ஸ்படிக தரிசனம் காலை 5 மணி வாக்குலயே முடிஞ்சுபோற காரியம். தீர்த்தம் ஆடிட்டு அதுக்கு ஓட முடியாது. அறையிலேயே குளிச்சுட்டு உலர்ந்த துணியோட அதைப் பாருங்க, அப்புறம் வெளியே வந்து கடல்.

சேதுக்கரையான்:
ஒரு நாளுக்கு ரெண்டு தடவை வரிசையா? அம்மா முட்டிக்கு அது ஆகாது தம்பி. ஸ்படிகம் வேணும்னா அம்மா அப்பா அதை மட்டும் பார்க்கட்டும், 22 கிணறையும் மத்த ரெண்டு பேர் ஆடுங்க. கோடி தீர்த்தம் பாட்டில்லயே கிடைக்கும், அம்மா தெளிச்சுக்கட்டும். மூலவர் விஷயத்தில ஒரு தகவல்: முதல் பூஜை விசுவலிங்கத்துக்குத்தான், அது அனுமன் கொண்டுவந்தது. சீதை மணல்ல பிடிச்ச ராமலிங்கத்துக்கு அதுக்கு அப்புறம்தான். 1212 தூண் உள்ள மூணாம் பிரகாரத்தை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து வந்துடுங்க.

தனுஷ்கோடி_ரோடு:
தர்ப்பணத்தைச் சேதுக்கரையிலயோ அக்னி தீர்த்தத்துலயோ ஒரே இடத்துல முடிங்க. உட்காரும் முன்னாடியே தட்சிணை எவ்வளவு, எள்ளும் தர்ப்பையும் அதுலயே சேர்த்தியான்னு பேசிடுங்க. பாதியில பேசினா தொகை ஏறும். ஆடி, தை, மகாளய அமாவாசைல மட்டும் வராதீங்க, வண்டியை ஊருக்கு வெளியேயே நிறுத்திடுவாங்க.

இரண்டாம் நாள் மதியம் கோதண்டராமர் கோயிலுக்குப் போங்க, தனுஷ்கோடி போற வழியில இருக்கு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி ஊரே போச்சு, இது நின்னுச்சு. தனுஷ்கோடியைத் தாண்டி ரோடு முடியுற அரிச்சல்முனைக்குப் பொழுது சாயுறதுக்கு முன்னாடி போயிட்டுத் திரும்பிடணும், இருட்டினா விடமாட்டாங்க. அங்கே காலை நனைக்கலாம், குளிக்க இறங்காதீங்க. ரெண்டு பக்கத்துக் கடலும் சேர்ற இடம், இழுப்பு பலமா இருக்கும்.