பங்காய் கார்டினல் முட்டைக் கொத்து: பூஞ்சை தடுக்க வழி தேவை

வணக்கம் நண்பர்களே. பங்காய் கார்டினல் என்ற கடல் மீனில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அப்படி ஓர் ஆண் மீன் துப்பிவிட்ட முட்டைக் கொத்தை அக்ரிலிக் குழாயில் பொரிக்கப் பார்க்கிறோம். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி செல்சியஸ். ஆணின் வாயில் பொரிய ஏறத்தாழ 20 நாள் ஆகும். அதுவரை முட்டைகளை அது புரட்டிக்கொண்டே இருக்கும். அந்த வேலையை இங்கே கீழிருந்து ஏறும் நீரோட்டம் செய்கிறது. வேகம் கூடினால் முட்டை சுவரில் மோதி உடைகிறது. குறைந்தால் கொத்தின் நடுவே ஆக்ஸிஜன் எட்டாமல் முட்டை வெளுத்து, பஞ்சுபோல் பூஞ்சை படர்கிறது. முட்டைகள் நூலிழைகளால் பின்னியிருப்பதால், செத்ததை இடுக்கியால் இழுத்தால் பக்கத்து முட்டையும் கிழிகிறது.

இழையை மட்டும் கத்தரிக்க முடியுமா? பூஞ்சையைத் தடுக்கும் சாயமான மெத்திலீன் நீலம் லிட்டருக்கு எவ்வளவு, எத்தனை நாள்? இயற்கையில் இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளுக்கே உரிய மீன். 2007 முதல் அழியும் நிலைப் பட்டியலில் உள்ளது. ஒரு கொத்தையும் இழக்க மனமில்லை. செய்து பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.